வீட்டில் கட்டிய விமானமும் நமது கமமும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் வாழ்ந்த நமது கமக்காரக் குடும்பங்களுக்கு விமானச் சத்தம் என்றதும் நினைவுக்கு வருவது பதுங்குகுழிதான். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுக்குப் பலாலி ஓடுபாதையைச் சுற்றியிருந்த தோட்டக்காணியும் கூடவே நினைவுக்கு வரும். ஆகவே விமானத்தைப் பற்றி எழுத நாம் தயங்கினோம். ஆயினும் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் தெற்கே சென்றால் வரும் இரத்மலானை விமான நிலையத்திலிருந்து, தானே கட்டிய சிறு விமானங்களில் பறந்தவர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு கமக்காரர்.

அவர் பெயர் ரே விஜேவர்தன (1924–2010). கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றவர். நமது ஊர்களில் இரண்டு சில்லு உழவு இயந்திரம் எதையும் "லாண்ட்மாஸ்டர்" என்றுதானே சொல்கிறோம்? 1950களில் அந்த லாண்ட்மாஸ்டரை வடிவமைத்தவர் இவரே. சிலாபத்துக்கு அருகே கக்கப்பள்ளியவில் தென்னந்தோட்டம் செய்துகொண்டே, இலகு விமானங்களையும் ஓட்டோஜைரோக்களையும் வரைந்து, கட்டி, தாமே ஓட்டினார்.

விமானத்தை வீட்டில் கட்ட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். தைப்பொங்கல் காலத்தில் பட்டம் கட்டியவர்களுக்கு இதன் அடிப்படை தெரியும். பட்டம் காற்றுக்குச் சற்றுச் சாய்ந்து நின்றால் ஏறும். விமானத்தின் இறக்கையும் அப்படித்தான். பட்டத்துக்குக் காற்று தானாக வருகிறது. விமானமோ இயந்திரத்தின் உதவியால் முன்னே ஓடித் தனக்கு வேண்டிய காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. சாய்வு அளவுக்கு மிஞ்சினால் இறக்கை தாங்கும் வலுவை இழக்க, விமானம் விழும். முச்சை பிழைத்தால் பட்டம் குத்துவதுபோல, பாரம் வைக்கும் இடம் பிழைத்தாலும் விமானம் குத்தும்.

ஓட்டோஜைரோவின் தலைக்கு மேலே உலங்குவானூர்தியைப் போலச் சுழலும் இறக்கை உண்டு. ஆனால் பறக்கும்போது அதனை இயந்திரம் சுழற்றுவதில்லை. இயந்திரம் வண்டியை முன்னே தள்ள, எதிர்க்காற்றே இறக்கையைச் சுழற்றுகிறது. ஸ்பெயின் நாட்டவரான ஹுவான் டி லா சியெர்வா 1923இல் இதனை வெற்றிகரமாகப் பறக்கவிட்டார்.

இவ்வகை விமானங்களின் முதல் விதி பாரக்குறைவு. மரச்சட்டம், துணி, அலுமினியக் குழாய் ஆகியவையே போதும். அமெரிக்க விதிகளின்படி, இயந்திரம் பூட்டிய மிக இலகுவான விமானத்தின் வெறும் பாரம் 115 கிலோகிராமுக்குள் இருக்கவேண்டும். அது ஏறத்தாழ இரண்டு மூடை நெல்லின் பாரமே!

ஆனால் எளிமை மட்டும் போதாது. 1933இல் பிரான்சில் ஹென்றி மினியே "வானத்துப் பேன்" என்ற பொருள்படும் பெயரில் ஒரு சிறு விமானம் செய்து, யாரும் கட்டலாம் என்று வரைபடங்களை வெளியிட்டார். பலர் ஆசையோடு கட்டினர். சிலர் விழுந்து மாண்டனர். 1936இல் பெரிய காற்றுக்குகைகளில் சோதித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. முன்னும் பின்னும் அமைந்த இரு இறக்கைகள் ஒன்றையொன்று பாதித்ததால், தலைகுத்தினால் அது நிமிராது. பின்னர் வடிவம் திருத்தப்பட்டது, இறந்தவர்கள் மீளவில்லை.

விஜேவர்தன தமது சொந்த வடிவத்தையும் இப்படிச் சோதித்துப் பார்த்தார். லாண்ட்மாஸ்டர் பல நாடுகளுக்குப் பரவிய பின்னர், "நான் கமத்தை முன்னேற்றவில்லை, எருமையைத்தான் இயந்திரமாக்கினேன்" என்ற கருத்தை அவர் வெளிப்படையாகவே கூறினார். மேட்டுநிலத்தை மீண்டும் மீண்டும் உழுதால் மேல்மண் மழையோடு போகும்; எண்ணெய்ச் செலவும் ஏறும். 1970களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இபாதான் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது, உழாமல் மூடாக்கின் ஊடாக விதைக்கும் முறைகளையும், கையால் உருட்டும் விதைக்கருவியையும் உருவாக்குவதில் ஈடுபட்டார். நாடு திரும்பியபின் வேலிக்கும் பசளைக்கும் விறகுக்கும் உதவும் சீமைக்கிளுவையைத் தமது தோட்டத்திலேயே வளர்த்துக் காட்டினார்.

நெல்வயலை உழவேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் காணி திரும்பக் கிடைத்தவர்களிடமும், இன்னும் காத்திருப்பவர்களிடமும், கடனுக்கு இயந்திரமும் புதுத் திட்டமும் கொண்டு வருவோர் பலர். அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்போம். இதன் பாரத்தை எங்கள் வருமானம் தாங்குமா? எங்கள் மண்ணைப் போன்ற மண்ணில் இதைச் சோதித்தீர்களா? நீங்களே இதைச் செய்து, அதன் வருமானத்தில் பிழைக்கிறீர்களா?

வீட்டில் விமானம் கட்டுபவன் அதில் முதலில் தானே ஏறுகிறான். பிழை இருந்தால் விழுபவனும் அவனே. ஆலோசனை சொல்பவர் தரையில் நிற்க, கமக்காரர் மட்டும் விழும் திட்டங்கள் நமக்கு வேண்டாம். முதலில் கால் பரப்புத் தறையில் செய்து பார்ப்போம். பிழைத்தால் இழப்பு சிறிது. சரிவந்தால் அயலவருக்கும் சொல்லிக் கொடுப்போம்.