பொதுவிடமும் படப்பெட்டியும்

மறைவாக இருந்த ஒன்று எல்லார்க்கும் தெரிந்துவிட்டால் ‘அம்பலமாயிற்று’ என்கிறோம். அம்பலம் என்பது ஊரார் கூடும் பொதுவிடம். மன்றம், பொதியில் என்பனவும் அப்பொருள் தரும் பழஞ்சொற்களே. அம்பலத்தில் இருப்பது அனைவர் கண்ணுக்கும் உரியது என்னும் கருத்து அச்சொல்வழக்கிலேயே அடங்கியிருக்கிறது. அங்ஙனமாயின், பொதுவிடத்தில் நின்று கண்ணால் காண்பதைப் படப்பெட்டியில் பதிவு செய்வோரைத் தடுக்க ஒருவர்க்கு உரிமை உண்டா? இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழவில்லை. ஜார்ஜ் டவுன் தெருவில் எழுந்தது.

பள்ளி விடுமுறைகளில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் பினாங்கிற்குச் சென்று, மாணவர்க்கு வட்டார வரலாறு கற்பிப்பதற்கான படங்களைத் திரட்டுவது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், பழைய கடைவீடு ஒன்றின் பக்கச் சுவரில் மங்கிய தமிழெழுத்துகளைக் கண்டேன். கடைக்காரர் பெயரில் பாதியும் ‘மளிகை’ என்னும் சொல்லும் தெரிந்தன. நடைபாதையில் நின்று படமெடுத்தேன். அடுத்திருந்த அலுவலகக் கட்டடத்தின் காவற்காரர், நம் மக்கள் ‘ஜாகா’ என்பார்களே அவர், விரைந்து வந்தார். “ஐயா, இங்க படம் எடுக்கக்கூடாது, எடுத்ததை அழிச்சிடுங்க” என்றார். எந்தச் சட்டப்படி என்று கேட்க நா எழவில்லை, அழித்துவிட்டேன். மறு விடுமுறையில் சென்றபோது, அச்சுவர் புதுப்பூச்சுப் பெற்றிருந்தது.

படப்பெட்டியைக் கண்டு ஐயுறுவது புதிதன்று. ஸ்காத்லாந்து நாட்டுப் படக்கலைஞர் ஜான் தாம்சன் 1862-இல் இக்கீழ்த்திசைக்கு வந்து, பினாங்கிலும் எதிர்க்கரையிலும் ஏறத்தாழப் பத்து மாதங்கள் தங்கினார். மனிதக் கை படாமல் உருவத்தைப் பிடிப்பது பேய்வேலை என்று அஞ்சிச் சீனர்கள் அவரிடம் பணிபுரிய மறுத்தனராம். சென்னை நாட்டார் இருவரையே அவர் தம் உதவியாளராகப் பழக்கினார் என்பது 1875-இல் வெளிவந்த அவர் நூலால் தெரிகிறது. பினாங்கின் தொடக்கக்காலப் படங்கள் சிலவற்றில் நம்மவர் கையும் பட்டிருக்கிறது என்பது அறிந்து மகிழத்தக்கது. அன்று ஐயத்திற்குக் காரணம் பேய். இன்று காரணம் ‘பாதுகாப்பு’.

சட்டத்தின் நிலையை இடம் நோக்கி மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, அரசு காக்கும் இடம். 1959-ஆம் ஆண்டின் காப்புப் பகுதிகள், காப்பிடங்கள் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றி நுழைதல் கூடாது. துப்பாக்கி ஏந்திய வீரனின் உருவம் வரைந்த சிவப்புப் பலகையை நாம் கண்டிருக்கிறோம். 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டமோ, படைத்துறை நிலையம் போன்றவற்றை அயலார்க்குப் பயன்படும்படி தீய நோக்குடன் படமெடுப்பதைக் கடுங்குற்றமாகக் கொள்கிறது. அத்தகைய இடங்களில் வாதாடுவது அறிவுடைமையன்று.

இரண்டாவது, பொதுமக்கள் புழங்கும் தனியார் இடம். பேரங்காடியும் தங்கும் விடுதியும் இவ்வகையின. அங்கே உடையவர் வைத்ததே விதி. படமெடுக்காதீர் என்றால் நிறுத்த வேண்டும். வெளியேறுக என்றால் வெளியேற வேண்டும்.

மூன்றாவது, பொதுச்சாலை. சாலையில் நின்று, கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தைப் படமெடுப்பதையே குற்றமாக்கும் பொதுச்சட்டம் மலேசியாவில் இல்லை. பொதுவிடத்தில் நிலையாக அமைந்த கலைப்படைப்பைப் படமாக்கிப் பரப்பவும் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-இல் வரைந்த மிதிவண்டிச் சிறார் ஓவியத்தின்முன் நாள்தோறும் கூட்டம் கூடிப் படமெடுக்கிறது; தடுப்பார் இல்லை. அதே படப்பெட்டி ஓர் அலுவலக வாயிலை நோக்கித் திரும்பினால்தான் தடை பிறக்கிறது.

இனி, தடுப்பவரின் அதிகாரம் யாது? தனியார் காவலர்க்குப் போலீசாரின் அதிகாரம் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, பிணையில் விடத்தகாததும் ஆணையின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தைக் கண்ணெதிரே செய்பவரை எந்தக் குடிமகனும் பிடித்துக் காலந்தாழ்த்தாது போலீசாரிடம் ஒப்படைக்கலாம். காவலர்க்கும் அவ்வளவே. சுவரைப் படமெடுத்தல் அத்தகைய குற்றமன்று. ஆகவே, படப்பெட்டியைப் பறிக்கவோ படத்தை அழிக்குமாறு வற்புறுத்தவோ அவர்க்கு உரிமையில்லை. 1967-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டப்படி அமர்த்தப்படும் துணைப் போலீசார் வேறு. தம் பணியிடத்தில் அவர்க்குப் போலீஸ் அதிகாரம் உண்டு. சீருடையை நோக்கி இவ்வேறுபாட்டை அறிதல் வேண்டும்.

சட்டமே எல்லை மீறுவதும் உண்டு. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம், 44-ஆம் பிரிவின்கீழ், தக்க ஐயமின்றியே எவரையும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தைப் போலீசார்க்கு அளித்தது. பொழுதுபோக்காகப் படமெடுப்போர் பலர் அதனால் அல்லலுற்றனர். 2010 சனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தனிவாழ்வுரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அதே மாதம் படக்கலைஞர்கள் இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் திரண்டு எதிர்ப்பைக் காட்டினர். அவ்வாண்டு சூலையில் அவ்வதிகாரம் நிறுத்தப்பட்டது. பின்னர் 2012-ஆம் ஆண்டின் சட்டத்தால் நீக்கவும்பட்டது.

கட்டடம் வேறு, மனிதர் வேறு என்பதையும் மறத்தலாகாது. சூ குலத்தார் படகுத்துறையில் மக்கள் குடியிருக்கின்றனர். அவர்கள் வீட்டு வாயிலுக்குள் படப்பெட்டியை நீட்டுவதற்குச் சட்டம் தேடிப் பயனில்லை, அது பண்பன்று. கோயிலில் வழிபடுவோர்க்கும் இது பொருந்தும். காவற்காரரும் மேலாளர் சொல்லுக்கு அஞ்சி நிற்பவரே. அவரிடம் சினவாது, “நான் நிற்பது பொதுச்சாலை, ஐயமிருந்தால் மேலாளரையோ போலீசாரையோ அழையுங்கள்” என்று அமைதியாகக் கூறுதல் போதும். அன்று நான் செய்யத் தவறியது இதுவே.

இஃது ஒரு படத்தைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், ஜார்ஜ் டவுனின் பழங்குடியிருப்பாளர் பலர் நகரைவிட்டு அகன்றனர். 2008 சூலையில் நகரம் உலகப் பாரம்பரியச் சிறப்பைப் பெற்றது. எனினும் எளியோரின் சுவரெழுத்தைப் பட்டியலிட்டுக் காப்பார் அரியர். நான் பணியாற்றும் தோட்டத்தின் பழைய லயங்களும் இடிந்து மறைந்தன. திருமணப் படங்களின் பின்னணியில் தெரியும் அளவிற்கே அவற்றின் உருவம் எஞ்சியிருக்கிறது. வாழ்ந்த காலத்தில் அவற்றைப் படமெடுக்கவேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை.

இன்று மாணவர் இல்லங்களிலெல்லாம் கைப்பேசி உண்டு. தம் ஊர்க் கடைப்பெயரையும் கோயிற்கல்வெட்டையும் பழைய பள்ளிக் கட்டடத்தையும் படமெடுத்து, நாளும் இடமும் குறித்துவைக்க அவர்களைப் பழக்குவோம். எங்கே நிற்கலாம், யாரிடம் இசைவு கேட்க வேண்டும், தடுப்பவர்க்கு எங்ஙனம் விடை கூறவேண்டும் என்பதையும் உடன் கற்பிப்போம். நான் அழித்த சுவரெழுத்தில் அக்கடைக்காரரின் பெயர் பாதியேனும் இருந்தது. அதுவும் இன்று என் நினைவில் முழுமையாக இல்லை.