புழுவும் இல்லை, வெட்டும் இல்லை!

‘புழுவெட்டு’ என்று இதற்குப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, தெரியவில்லை. அந்தப் பெயராலேயே எத்தனை பெண் பிள்ளைகள் முக்காடு போட்டுக்கொண்டு திரிகிறார்கள்! ‘தலையில புழு முடியைத் திங்குது’ என்று சொன்னால், கேட்கிறவர்கள் இரண்டடி தள்ளித்தானே நிற்பார்கள்?

ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குப் போன வருஷம் ஆடி மாசம் தலை பின்னிவிடும்போது, பிடரிக்கு மேலே ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வழுவழுவென்று ஓர் இடம் தெரிந்தது. அரிப்பு இல்லை, வலி இல்லை. பத்து நாளில் காதோரம் இன்னொன்று. தங்கச்சிமடத்தில் சேதி பரவ நேரமா ஆகும்? ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். “போர் தண்ணி உப்பு, அதான் கொட்டுது” என்றார் எதிர்வீட்டு அக்கா. “ராமேஸ்வரத்துல மொட்டை போட்டுருத்தா, கருகருன்னு முளைக்கும்” என்றார் மாமியார். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அவள் சோற்றைத் தொடவில்லை. மறுநாளே ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினோம்.

தோல் டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். வழுக்கையின் ஓரத்தில் குட்டை முடிகள், அடியில் மெலிந்து மேலே தடித்து, ஆச்சரியக்குறி மாதிரி நின்றன. அதுதான் அடையாளமாம். ‘அலோபீசியா ஏரியேட்டா’ என்று சீட்டில் எழுதினார். கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே, ஆள் தெரியாமல் முடியின் வேரைத் தாக்குகிறது. “காவலுக்கு வச்ச நாய் வீட்டுக்காரனையே கடிச்ச கதைம்மா” என்றார். வேர் செத்துப் போவதில்லை, தூங்கத்தான் செய்கிறது. அதனால் திரும்ப முளைக்கலாம். யாருக்கும் ஒட்டாது. நூறு பேரில் இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரக்கூடியது என்றார்.

குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு, வெண்புள்ளி உண்டா என்று கேட்டு, தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். உப்புத் தண்ணீர் முடியை முரடாக்கும், நுனியை உடைக்கும். காசு வைத்த மாதிரி வட்டமாக வழிக்காது. மொட்டை விஷயமும் அப்படித்தான். நேர்த்திக்கடனுக்குப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் கத்தி போவது தோலுக்கு மேலே, கோளாறு இருப்பது தோலுக்கு அடியில்.

ஒரு எச்சரிக்கை. செதில் உதிர்ந்து, அரித்து, முடி ஒடிந்து கிடந்தால் அது படையாக இருக்கலாம். அது ஒட்டும், அதற்கு வைத்தியமே வேறு. ஆகவே நாமே பார்த்து முடிவு கட்டக் கூடாது.

சின்ன வெங்காயத்தை வைத்து ரத்தம் கசியத் தேய்ப்பார்களே, அதைப் பற்றியும் கேட்டேன். 2002-ல் பாக்தாத் டாக்டர்கள் வெங்காயச் சாறு தடவிப் பார்த்து, பலன் இருப்பதாக ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டார்களாம். ஆனால் சாறு தடவுவது வேறு, புண்ணாக்குவது வேறு. எங்கள் தெருவில் ஒரு பையனுக்குப் பூண்டை அரைத்துப் போட்டு, தோல் வெந்து கொப்புளம் கண்டதை நானே பார்த்தேன். இன்னொன்று, ஒன்றிரண்டு வட்டம் மட்டும் இருந்தால் பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே முளைத்துவிடுமாம். அப்போது கடைசியாக என்ன தடவினோமோ அதற்குத்தானே பெயர் போகிறது!

என் மகளுக்கு முதலில் ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு அந்த இடத்திலேயே மெல்லிய ஊசியால் மருந்தைச் செலுத்துவார்கள். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை போட வேண்டும். தலை முழுக்கக் கொட்டியவர்களுக்கு இப்போது மாத்திரையும் உண்டு. 2022-ல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு பாரிசிட்டினிப், 2023-ல் 12 வயது முதல் உள்ளவர்களுக்கு ரிட்லெசிட்டினிப் அனுமதி பெற்றன. ஆனால் இவை எதிர்ப்பு சக்தியை அடக்குகிறவை. காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். நிறுத்தினால் மறுபடி கொட்டவும் செய்யலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற சமாச்சாரம் இல்லை.

‘வாரணம் ஆயிரம்’ படத்தில் நடித்த சமீரா ரெட்டி, தனக்கு இது வந்ததையும் ஊசி போட்டு முடி வளர்ந்ததையும் 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அயானா பிரெஸ்லி 2020-ல் மொட்டைத் தலையோடே வீடியோவில் வந்து பேசினார். இதை மகளிடம் சொன்னபோது, “அவங்களையும் தனி பெஞ்ச்ல வச்சாங்களாம்மா?” என்று கேட்டாளே பார்க்கலாம்!

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டியதும் பள்ளிக்கூடத்தில் பழைய இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் மாதம் பூனை முடி மாதிரி வெள்ளையாக முளைத்தது. மாமியார் பதறிப் போனார்! முதலில் வெள்ளையாக வந்து பிறகு கறுக்குமாம், அப்படியே கறுத்தது. காதோரத்து வட்டம் இன்னும் மூடவில்லை. திரும்ப வராது என்று டாக்டரும் உறுதி கொடுக்கவில்லை. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால், இதற்காக மதுரை வரை ஓட வேண்டியதில்லை. போகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். எண்ணெய் இருந்தால் லென்ஸில் சரியாகத் தெரியாதாம்.

– ஒரு வாசகி, தங்கச்சிமடம்