ஸ்கேனில் தெரிந்த பொட்டு

கொடைக்கானலில் ஒருவருக்கு மூளையில் அறுவை தேவைப்பட்டால் மலையிறங்குவதுதான் வழி. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து ஆள் என்றால் முதலில் கொடைக்கானலுக்கே வரவேண்டும். பிறகு வத்தலக்குண்டு வரை கொண்டை ஊசி வளைவுகள். அதன்பின் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. நிலைமை இப்படியிருக்க, சமவெளியில் ஏதோவொரு மருத்துவக் கல்லூரியில் நடக்கும் மூளை ஆராய்ச்சியால் மலைக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் விடை இருக்கிறது. அறுவை அரங்கை 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற முடியாமல் போகலாம். அரங்கில் தெரிந்துகொண்டதை ஏற்றிவிடலாம். சில நேரம் அந்த அறிவே அறுவையைத் தேவையில்லாததாக்கிவிடும். வேலூரில் நடந்தது அதுதான்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியதே இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை. வலிப்பு நோய் அறுவையில் உலகுக்கே வழிகாட்டிய வைல்டர் பென்ஃபீல்டிடம் மான்ட்ரியலில் பயின்று வந்தவர் அவர். 1980களில் சி.டி. ஸ்கேன் பரவியபோது இந்திய மருத்துவர்கள் ஒரு புதிரைச் சந்தித்தார்கள். வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்த பலருடைய மூளையில் கொண்டைக்கடலை அளவில் ஒற்றைப் பொட்டு தெரிந்தது. காசநோய் மலிந்த நாடு இது. ஆகவே அதைக் காசநோய்க் கட்டி என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். பொட்டு மறைந்தது, மருந்து பலித்தது என்று நம்பினார்கள். ஆனால் அந்த மாத்திரையே சாப்பிடாத சிலருக்கும் பொட்டு தானாக மறைந்தது. அப்படியானால் அது என்ன? திசுவை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மூளைக்குள் ஒரு சென்டிமீட்டர்ப் பொட்டைத் தேடிப் பிடிப்பது லேசான வேலையல்ல. தேடும் வழியிலேயே பேச்சோ கையசைவோ பறிபோகலாம். இதற்கென்றே வந்த கருவி ஸ்டீரியோடாக்டிக் சட்டம். உலோக வளையம் ஒன்றை மண்டையோட்டில் திருகாணிகளால் அசையாமல் பொருத்தி, அதோடு ஸ்கேன் எடுப்பார்கள். சட்டத்தின் கோல்களும் படத்தில் விழும். அவற்றை வைத்து இடவலம், முன்பின், மேல்கீழ் என மூன்று எண்களைக் கணக்கிட்டால், இலக்கு இருக்கும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும். சிறு துளை வழியாகவே அதை எட்டலாம். மூளை அறுவை இப்படிக் குறிபார்க்கத் தேர்ந்துவந்த காலத்தில்தான் வேலூரில் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் சக மருத்துவர்களும் இந்தப் பொட்டுகளை எடுத்து நுண்ணோக்கிக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானவற்றில் இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம், செத்துக்கொண்டிருக்கும் நிலையில். 1989இல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது.

அவர்கள் அத்தோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை, அவ்வளவே. அடுத்துச் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்: எந்த நோயாளியின் தலையைத் திறக்கவே வேண்டாம் என்பதற்கு விதி வகுத்தார்கள். வலிப்போடு வந்தவரிடம் பொட்டு ஒன்றே ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருந்து, அதன் வீக்கம் மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல், தலைக்குள் அழுத்தம் நீடிக்காமல், கைகால் பலவீனம் வளர்ந்துகொண்டே போகாமல், உடலில் வேறெங்கும் காசநோயோ புற்றுநோயோ இல்லாமல் இருந்தால், அது பெரும்பாலும் புழுதான். வலிப்பு மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம். புற்றுக்கட்டி ஒன்று இந்த வலையில் தப்பிவிடாதா என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகத்தான் சில மாதம் கழித்து மறு ஸ்கேன். பொட்டு சுருங்காமல் வளர்ந்தால் முடிவை மாற்றியாக வேண்டும். பின்னாளில் வேலூர் மாவட்டத்திலேயே மக்களிடையே கணக்கெடுத்தபோது 1,000 பேரில் ஏறத்தாழ 4 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழு. நாடாப்புழு உள்ள ஒருவரின் மலத்தோடு வெளியேறும் முட்டை, கழுவாத கை, அசுத்தமான நீர், பச்சைக் காய்கறி வழியாக அடுத்தவர் வாய்க்குப் போகிறது. சைவ உணவுக்காரருக்கும் இது வரும் என்பதைக் கேரட்டும் முட்டைக்கோசும் விளையும் மலையில் உரக்கச் சொல்லவேண்டும். காய்மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. கழிப்பறையும் சுத்தமான நீரும் மூளை நோய்த் தடுப்பு என்பதற்காகச் சொல்கிறேன்.

வலிப்புக்குக் காத்திருக்கலாம், மலைப்பாதை விபத்தில் மண்டை உடைந்தவருக்கு என்ன செய்வது என்பது இதைவிடக் கடினமான மறுப்பு. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே ரத்தம் தேங்கினால், துளையிட்டு அதை வெளியேற்றக் கைதேர்ந்த மருத்துவர் வேண்டும். எந்த ஆய்வும் அதற்கு ஈடாகாது. ஆம்புலன்ஸும் இறங்கும் வேகமும்தான் அங்கே உயிர். ஆனால் அந்த இடைவெளியிலும் ஆராய்ச்சிக்கு வேலை இருக்கிறது. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது பல நாடுகளில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. 10,000 பேரைக் கொண்ட கிராஷ் ஆய்வு, அது சாவைக் கூட்டுகிறது என்று 2004இல் காட்டியது. 2019இல் வந்த கிராஷ்-3, காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்தால், லேசான, நடுத்தரத் தலைக்காயங்களில் சாவு குறைவதைக் கண்டது. மிகக் கடுமையான காயங்களில் அந்தப் பயன் தெரியவில்லை. பிரசவ ரத்தப்போக்குக்குக் கொடுக்கும் அதே மருந்துதான் இது. விலை அதிகமில்லை, குளிர்பெட்டியும் தேவையில்லை. நோயாளியைப் பரிசோதித்த மருத்துவர், வண்டி மதுரைக்குக் கிளம்பும் முன்பே கொடைக்கானலிலேயே இதை ஏற்றத் தொடங்கலாம்.