உங்களுக்குத் தெரியுமா? தேயிலைச் செடியடியில் சிறுத்தைக் குட்டி

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், தேயிலைச் செடிகளின் அடியில் சிறுத்தைக் குட்டிகளைக் காண்பதுண்டு. அவை பெரும்பாலும் தாயை இழந்தவை அல்ல. தாய் இரை தேடப் போயிருக்கும். திரும்பி வந்து குட்டிகளை வாயில் கவ்வி இடம் மாற்றும்.

● பிறந்த குட்டியின் எடை சுமார் அரைக் கிலோ. ஏறத்தாழ 10 நாளில் கண் திறக்கும்.

● தாய் உண்மையிலேயே இறந்துவிட்டால், பராமரிப்பாளரே தாயாகிறார். பசும்பால் வயிற்றோட்டத்தை உண்டாக்கக்கூடும் என்பதால், குட்டிக்கென உள்ள பால்மாவைக் கரைத்துப் போத்தலில் கொடுப்பார். மல்லாத்தாமல், குப்புறக் கிடத்தியே புகட்டுவார். இல்லாவிட்டால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். தாய் நக்கிவிடுவதுபோல் ஈரப்பஞ்சால் துடைத்தால்தான் பச்சிளங்குட்டிக்குச் சிறுநீரும் மலமும் கழியும்.

● வேட்டையாடுவதை மட்டும் பராமரிப்பாளரால் கற்றுத்தர முடியாது. குட்டி அதைத் தாயுடன் ஓராண்டுக்கும் மேலாகத் திரிந்தே கற்கிறது. அதனால், மனிதர் வளர்த்த சிறுத்தை காடு திரும்புவது மிக அரிது.

● 2020 மே மாதம், நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, உடவலவையில் சிகிச்சை பலனின்றி இறந்தது. இத்தகைய கம்பிகள் குட்டிகளைத் தாயற்றவையாக்குவதும் உண்டு.

குட்டியைக் கண்டால் தொடாதீர்கள். படமெடுக்கக் கூட்டம் கூடாதீர்கள். விலகி வந்து, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.