சர்ச் சேவை சாட்சி சொல்லுமா?

கேரளத்தின் கூடத்தாயி வழக்கு 2019 அக்டோபரில் வெளியே வந்தபோது இங்கே அவிநாசிப் பக்கமும் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "சர்ச்சுக்குத் தவறாமப் போற பொம்பளைங்க, இப்படிப் பண்ணுவாங்களா?" கொஞ்ச நாளில் கேள்வி தலைகீழானது: "அதுக்குத்தான் அவ்வளவு பக்தி வேஷமா?" இரண்டுமே தப்பான கேள்விகள் என்பது என் கட்சி.

முதலில் வழக்கு. கோழிக்கோடு மாவட்டம் கூடத்தாயியில் 2002 முதல் 2016 வரை ஒரு குடும்பத்திலும் அதன் உறவிலும் ஆறு பேர் இறந்தார்கள். 2019 அக்டோபர் 4 அன்று கல்லறைகளைத் தோண்டினார்கள். அடுத்த நாள் அந்த வீட்டு மருமகள் ஜோலி ஜோசப் கைதானார். பக்தியானவர் என்று ஊரார் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அவர் குற்றம் சாட்டப்பட்டவர். குற்றவாளி என்று தீர்ப்பு வரவில்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு நீதிமன்றமே எதிர்கொண்டிருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் ஃபால் ரிவர் ஊரில் 1892 ஆகஸ்ட் 4 அன்று ஆண்ட்ரூ போர்டனும் அவர் மனைவி ஆபியும் தங்கள் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கைதானது ஆண்ட்ரூவின் மூத்த தாரத்து மகள் லிஸ்ஸி, வயது 32. சென்ட்ரல் காங்கிரிகேஷனல் சர்ச்சில் ஞாயிறு பள்ளி ஆசிரியை. கிறிஸ்தவ இளைஞர் சங்கம் ஒன்றில் செயலாளர், பொருளாளர். மதுவிலக்குப் பெண்கள் சங்கத்திலும் உறுப்பினர். பாதிரியார் எட்வின் பக் அவருக்குத் துணையாக நீதிமன்றத்துக்கே வந்தார். மாசற்ற வாழ்க்கை என்று வக்கீல்கள் வாதாடினார்கள். சமூகத்தில் எந்த நிலையில் இருப்பவரும் குற்றம் செய்ய மாட்டார் என்று உத்தரவாதம் இல்லை என அரசுத் தரப்பு பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1893 ஜூன் 20 அன்று ஜூரி அவரை விடுவித்தது. நேரடிச் சாட்சி இல்லை, கொலை ஆயுதம் இதுதான் என்று நிரூபிக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததாகச் சொல்லப்படுவதுதான் கவனிக்க வேண்டியது. விடுதலையாகி சர்ச்சுக்குப் போனவரைச் சுற்றியிருந்த இருக்கைகள் காலியாகவே இருந்தனவாம். பிறகு அவர் போவதையே நிறுத்திவிட்டார். வழக்கு நடந்தபோது நற்சான்று கொடுத்த கூட்டம், சட்டம் விட்ட பிறகு தண்டனை கொடுத்தது.

நம் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? குற்ற வழக்கில் எதிரியின் முந்தைய நன்னடத்தையைச் சொல்லலாம். 1872 சாட்சியச் சட்டத்தில் 53ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 47. கெட்ட நடத்தையை அப்படி எடுத்தவுடன் சொல்ல முடியாது. எதிரி தன் நன்னடத்தையைக் காட்டினால் அதற்குப் பதிலாகச் சொல்லலாம். பழைய 54, புதிய 49. அதாவது சர்ச் சேவை கோர்ட்டுக்குள் வரலாம். ஆனால் தெளிவான ஆதாரம் எதிரே நிற்கும்போது அதற்குப் பெரிய எடை கிடையாது.

ஊரில் இந்தக் கணக்கு வேறு. எங்கள் அவிநாசியில் சித்திரைத் தேருக்கு நீர்மோர்ப் பந்தல் போடுகிறவரை எல்லாருக்கும் தெரியும். "சாமி காரியம் பாக்கறவருங்க" என்ற ஒரு வார்த்தைக்குக் கைமாத்தும் கிடைக்கும், பஞ்சாயத்தில் மரியாதையும் கிடைக்கும். அந்த நம்பிக்கை இல்லாமல் ஊர் நடக்காது. ஆனால் அவர் மோர் ஊற்றியதை மட்டும்தான் நாம் பார்த்திருக்கிறோம். அவர் வீட்டுக்குள் நடப்பதற்கு அது சாட்சி ஆகாது. வேஷம் என்பதற்கும் ஆகாது; மனசாரச் சேவை செய்கிறவரும் குற்றம் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்.

கூடத்தாயியில் 2011இல் ஜோலியின் கணவர் இறந்தபோதே பிரேதப் பரிசோதனையில் சயனைடு தெரிந்தது. தற்கொலை என்று முடித்துவிட்டார்கள். பல வருஷம் கழித்து இறந்தவரின் தம்பி கொடுத்த புகார்தான் அந்தப் பழைய காகிதத்தை மறுபடி படிக்க வைத்தது. யாருடைய பக்தியை எடைபோட்டும் வழக்கு நகரவில்லை.

ஆகவே தெரிந்தவர் ஒருவர் மேல் புகார் வந்தால் "அவரா, சேச்சே" என்றும் வேண்டாம், "எனக்கு அப்பவே தெரியும்" என்றும் வேண்டாம். நாம் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும். இறந்தவர்களுக்கும் அது நியாயம், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அது நியாயம்.