அப்பாவால் ஏந்த முடியாத வாள்

ரோல்-பிளேயிங் கேம் எனப்படும் வீடியோ கேம்களில் எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. உடல்பலம், வேகம், மந்திர சக்தி, கையிருப்புத் தங்கம். சண்டை போடப் போட அனுபவப் புள்ளி கூடும். புள்ளி கூடினால் நாயகனின் லெவல் ஏறும். இந்தக் கணக்குக்குள் பிள்ளைப் பாசம் எங்கே நுழையும்? வசனத்தில் சொல்லிவிடலாம், சினிமாவும் அதைச் செய்கிறது. கணக்கையே பேச வைத்த கேம்கள் சில இருக்கின்றன. எனக்கு அவைதான் பெரிதாகப் படுகின்றன.

1992இல் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட் 5' அவற்றில் முதன்மையானது. உருவாக்கியவர் யூஜி ஹோரீ. பாத்திரங்களை வரைந்தவர் 'டிராகன் பால்' புகழ் அகிரா தோரியாமா.

தொடக்கத்தில் நாயகன் சின்னப் பையன். அப்பாவின் பின்னால் நடக்கிறான். எதிரி வந்தால் பையனின் அடி லேசாக விழும். அப்பாவின் அடியில் எதிரி சாய்ந்துவிடும். அப்பாவுக்கு நாம் கட்டளையிட முடியாது, அவராகவே சண்டை போடுவார். சண்டை முடிந்ததும், கேட்காமலே மந்திரம் சொல்லி மகனின் காயத்தை ஆற்றுவார். இதற்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. பிறகு ஒரு நாள் வில்லன் பையனைப் பிணையாகப் பிடிக்கிறான். மகனுக்காக அப்பா கையை ஓங்காமல் அத்தனை அடியையும் வாங்கிச் சாகிறார். பத்தாண்டு அடிமை வாழ்வுக்குப் பின் தப்பும் நாயகனுக்கு அப்பா விட்டுப்போன வாள் கிடைக்கிறது. ஐதீக வீரன் மட்டுமே ஏந்தக்கூடிய வாள் அது. அவனால் ஏந்த முடியவில்லை.

இந்த வகைக் கேம் ஆடிப் பழகியவர்கள் அதிர்ந்துபோகும் இடம் இது. நாம் இயக்குபவன்தானே வீரனாக இருக்க வேண்டும்?

அவனுக்குத் திருமணம் ஆகிறது, இரட்டைப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். அவர்கள் வளர்வதற்குள் அவன் சாபத்தால் கல்லாகிப்போகிறான். எட்டு ஆண்டுகள் யாரோ ஒரு பணக்காரர் வீட்டுத் தோட்டத்தில் சிலையாக நின்று, அந்த வீட்டுக் குழந்தை வளர்வதைப் பார்க்கிறான். ஆடுபவரும் எந்தப் பொத்தானாலும் பயனில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடைசியில் அவனுடைய பிள்ளைகளே தேடி வந்து மீட்கிறார்கள். வாள் மகனின் கையில் பொருந்துகிறது. இனி அந்தப் பையனின் காயத்தை ஆற்றும் மந்திரத்தைத் தேர்வு செய்வது நம் விரல்.

இதற்கு மாறாக, 'ஸ்கைரிம்' கேமின் 2012 கூடுதல் இணைப்பில் அநாதைக் குழந்தைகள் இருவரைத் தத்தெடுக்கலாம், பரிசு கொடுக்கலாம். எந்த ஆயுதமும் அவர்களைக் காயப்படுத்தாது, அவர்கள் வளர்வதும் இல்லை. வளராத பிள்ளையிடம் அப்பாவின் கவலைக்கு இடமில்லாமல் போகிறது.

போலந்தில் உருவாகி 2015இல் வெளிவந்த 'தி விட்சர் 3' அதற்கு நேர் எதிர். அதன் நாயகன் கெரால்ட் பெறாத மகளாக வளர்த்த சிரி இப்போது இளம்பெண். துக்கத்தில் இருப்பவளிடம் எல்லாவற்றிலும் திறமைசாலியாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்வதா, பனி உருண்டை எறிந்து விளையாடக் கூப்பிடுவதா? முக்கியமான சந்திப்புக்குத் தனியே அனுப்புவதா, கூடவே போவதா? ஆத்திரத்தில் ஓர் அறையை அடித்து நொறுக்கப் பார்க்கிறாள், தடுப்பதா, விடுவதா? இந்தப் பதில்களை கேம் சத்தமில்லாமல் எண்ணிவைக்கிறது. அவள்மேல் நம்பிக்கை வைத்த பதில்கள் குறைந்தால் இறுதிப் போருக்குப் பின் சிரி திரும்புவதில்லை. எது கணக்கில் ஏறுகிறது என்று ஆடும்போது திரையில் தெரியாது.

இவற்றில் ஒன்றுக்கு மட்டும் நேரம் இருந்தால் ஹோரீயின் கேமைச் சொல்வேன். கைப்பேசிப் பதிப்பாகவும் அது வந்திருக்கிறது.