விலை பேசி முடித்த பிறகு...

முதன்முதலாக வீடு வாங்கும் குடும்பங்கள் பலவும் வீட்டின் விலைக்கு மட்டுமே பணம் சேர்க்கின்றன. பத்திரப்பதிவுக்கு நாள் குறித்த பிறகுதான் மற்ற செலவுகள் தெரிகின்றன. அவசரக் கடன் வாங்க நேர்வதும் அப்போதுதான். தமிழ்நாட்டில் பழைய வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. முன்பணம் கொடுக்கும் முன்: தாய்ப்பத்திரம் முதல் எல்லா ஆவணங்களையும், 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வக்ஃப் நிலமா என்பதையும் விசாரியுங்கள். அப்படியென்றால் பதிவு மறுக்கப்படும்.

2. கிரய ஒப்பந்தம்: விலை, முன்பணம், கெடு மூன்றையும் எழுதிப் பதிவு செய்யுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

3. பதிவுச் செலவு: முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. பேசிய விலை, அரசு வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்கே கணக்கு. 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இது மட்டும் 2,70,000 ரூபாய். பொதுவாக வீட்டுக்கடனில் இத்தொகை சேராது. 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 1.4.2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு. வழக்கறிஞர், பத்திர எழுத்தர் கட்டணம் தனி.

4. பதிவுக்குப் பின்: பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு ஆகியவற்றைத் தாமதிக்காமல் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

கையிலுள்ள பணத்தில் பத்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதிக்கு ஏற்ற வீட்டையே விலை பேசுங்கள்.